நீலக் குழாயில் வெந்நீர்

பஹ்ரைனில் மே மாதம் வந்துவிட்டால் குளியலறைக் குழாய்கள் கட்சி மாறிவிடும். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கிறது. நீலப் புள்ளி போட்ட குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். ஹீட்டர் குளியலறைக்குள் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் ஆறிவிடும். ஆகவே கோடை முழுக்கச் சிவப்புக் குழாயில் குளிக்கிறோம். யாரும் தவறிப் போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவைப்பது ஈசா டவுனில் எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த டேப்தான் எங்களை மாட்டிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன் என் மனைவி செல்விக்கு டிசம்பரில் பிரசவம் என்றிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலி போக வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றவேண்டும். எங்கள் ஹீட்டர் இரண்டு வாளியோடு கை விரித்துவிடும். பெரியது வைக்கலாமென்றால், குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், மின்சாரம் தாங்குமா என்பதற்கு ஒரு தாள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போட்ட வரைபடம். அதற்குமேல் இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார்.

மன்னார்குடியில் என் அப்பா ஒருநாள் செப்பு பாய்லர் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் வைத்துக் கரி போட்டுப் பற்றவைத்தார். புகை வருகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அப்பா பாய்லரை நாலடி நகர்த்தினார். அனுமதி விவகாரம் அத்தோடு முடிந்தது. அதுதான் நல்ல முறை என்று சொல்லவில்லை. சத்தம் போட்டவர், பிள்ளை பெற்ற வீட்டில் வெந்நீர் எதற்கென்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

இன்ஜினியர் காலித் ஆகஸ்டில் வந்தார். இந்த நாட்டுக்காரர், மரியாதையானவர். டேப்பைப் பார்த்தார். “ஹீட்டர் மாஃபி யூஸ்” என்றபடி படிவத்தில் குறித்தார். அதாவது, இருப்பதே பயன்பாட்டில் இல்லை, பெரியது தேவையில்லை.

“சார், வெயில் காலத்துக்குத்தான் அணைத்திருக்கிறோம்” என்றேன்.

“தெரியும் பாய். என் வீட்டிலும் அப்படித்தான்” என்று சிரித்தார். “ஆனால் ஃபாரத்தில் சம்மர் என்று கட்டம் இல்லை.”

செல்வி என் பக்கம் திரும்பினாள். “அவர் வீட்லயும் அப்படித்தானாம், எழுதுறது மட்டும் இப்படியாம். நல்ல நியாயங்க!” ஐந்து மாத வயிற்றோடு எட்டி டேப்பைக் கிழித்தாள். சுவிட்சைத் தட்டினாள். “அபி யூஸ் ஹை. லிக்கோ பாய்.” இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று அவளுக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் எழுதவில்லை. மறு ஆய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறு ஆய்வுக்கு எந்த நாள் வருவார்கள் என்று அலுவலகத்தில் சொல்ல மாட்டார்களாம்.

“அப்ப அவங்க வர்ற வரைக்கும் எரியட்டும்” என்றாள் செல்வி.

எரிந்தது. வெளியே அனல், வீட்டில் இரண்டு குழாயிலும் வெந்நீர். முதல்நாளே வாளிகளில் பிடித்து ஆறவைத்து மறுநாள் குளித்தோம். அணைத்துவிடலாம் என்று நான் இருமுறை சொன்னேன். “உங்களுக்கு வேர்க்குதுன்னா ஆபீஸ்ல போய்க் குளிங்க” என்றாள். நான் இன்னொரு வாளி வாங்கி வந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலித் வந்தார். சிவப்புக் குழாயைத் திறந்து கையை நீட்டியவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கூடத்தில் வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். “கலாஸ், மேடம், முடிந்தது” என்று ‘பயன்பாட்டில் உள்ளது’ கட்டத்தில் டிக் அடித்தார்.

நவம்பரில் பெரிய ஹீட்டர் ஏறியது. டிசம்பரில் மகள் பிறந்தாள். ஜனவரிக் குளிரில் செல்வி ஆசை தீரக் குளித்தாள்.

மகளுக்கு இப்போது நாலரை வயது. போன ஜூலை லீவில் மன்னார்குடியில் என் அக்கா வீட்டில் தங்கினோம். மழை பெய்து குளிர்ந்திருந்த காலை. மகள் நீலக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீருக்கு ஒரு விரற்கடை தள்ளியே விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ப்ளூ சுடும் அத்தை.”

“நீலம்னா பச்சத் தண்ணிடி தங்கம்” என்று அக்கா சிரித்தாள்.

“எந்த ஊர்ல?” என்று கேட்டாள் மகள். விரலை இன்னும் எடுக்கவில்லை. தண்ணீரில் வைக்கவும் இல்லை.