தாலி கட்டும் நேரத்தில் வெட்டிய கரண்ட்

ஒரு கலியாணத்தை முழுதாகப் பார்த்து முடிக்க எத்தனை வோல்ட் தேவை? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்குப் போன சனிக்கிழமையிலிருந்து தலையிடி.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் லைற் எரிகிற வீடு என்னுடையது ஒன்றுதான். சண்டையால் ஊருக்கு மின்சாரம் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. என்னிடம் இருப்பது மூலையில் வெடிப்பு விழுந்த ஒரு சோலர் பனல், ஒரு பழைய லொறி பற்றறி, றேடியோ திருத்தும் துரை அண்ணை தன் கையால் செய்து தந்த ஓர் இன்வேட்டர். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு...

“மாஸ்டர், ஒரேயொரு சேட்டு மட்டும் அயன் பண்ணிக்கொண்டு போறன்” என்று அயன் பெட்டியோடு ஒருவர் வருவார். இன்வேட்டர் தாங்காது என்றால், வைத்திருப்பவனுக்குத் தர மனமில்லை என்று முகத்தைத் தூக்குவார். யாருக்கு விளக்குவது?

இந்தத் தொல்லைக்காகத்தான் துரை அண்ணை பற்றறிக்கும் இன்வேட்டருக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி பூட்டினார். உள்ளே ஒரு ரிலே. பற்றறி பதினொரு வோல்ட்டுக்கு இறங்கியதும் ‘டிக்’ என்று கரண்டை வெட்டிவிடும். அதற்குக் கீழே இழுத்தால் பற்றறிக்குள் இருக்கும் ஈயத் தகடுகள் கெட்டுப்போகும். கெட்டால் இன்னொன்றுக்கு எங்கே போவது? டோர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றறியே இங்கே வரக்கூடாது என்று அரசாங்கத் தடை. பின்னேரங்களில் ஒழுங்கைப் பிள்ளைகள் பதினொரு பேர் சோதனைக்குப் படிப்பது என் வீட்டு ஒற்றை ரியூப் லைற்றில்தான். பற்றறி செத்தால் அதுவும் போச்சு.

போன கிழமைப் பத்திரிகையில் இதே இடத்தில் காரசாரமாக எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘வெட்டுகிற பெட்டியை ஏமாற்றிக் குறுக்கே கம்பி போடுகிறவன், ஊரை இருட்டாக்குகிறான்’ என்று. எனக்கே நல்ல வசனமாகப் பட்டது. வியாழக்கிழமை பற்றறிக்குத் தண்ணீர் பார்க்க வந்த துரை அண்ணை அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா ஒரு வீடியோ கசெற்றைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். கனடாவில் நடந்த மகளின் கலியாணம். போக முடியாத தாய். கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தது ஒரே ஒரு கசெற். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் தொண்டைமானாற்றில் காத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு அவர்களின் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கிடையில் பார்க்க வேண்டும்.

இரவல் வீடியோ டெக் வந்தது. இரவல் ரிவி வந்தது. ஒழுங்கையும் வந்தது. வெயில் மட்டும் வரவில்லை – மாரி மழை, மூன்று நாளாக மூடம். கசெற் இரண்டரை மணித்தியாலம். பற்றறியில் இருந்ததோ என் கணக்கில் இரண்டு மணித்தியாலம்.

“அக்கா, முதல்லை தாலி கட்டுறதைப் பாப்பம். மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்.”

“பொன்னுருக்குப் பாக்காமல் தாலிகட்டைப் பாக்கிறதோ தம்பி? நல்ல கதை!”

சரி, தாலிக்குப் பொன்னை உருக்குகிற அந்தச் சடங்கைப் பார்த்தோம். பிறகு மண்டப வாசல். கார்கள் வருகின்றன, கதவுகள் திறக்கின்றன, கோட்டுப் போட்டவர்கள் இறங்குகிறார்கள். இதையாவது வேகமாக ஓட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். சபை கொதித்தது.

“பொறுங்கோ மாஸ்டர்! ஆர் ஆர் வந்தவை எண்டு பாக்க வேண்டாமோ?”

“உந்தப் பச்சைச் சீலை ஆர்? ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ.”

“உது எங்கடை இணுவில் மாமியின்ரை மூத்தவள்.”

“சும்மா இரு, அவள் உவ்வளவு உடம்பில்லை.”

பச்சைச் சீலையைப் படத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விசாரணை. படம் நின்றால் பற்றறியும் நிற்குமா? கேட்டுப் பார்த்தேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நம்மவர்களுக்குக் கலியாணம் என்றால் வந்தவர்கள்தான். மாப்பிள்ளை பொம்பிளை பிறகு.

ஒருவழியாக ஐயர் தாலியைச் சபைக்குக் காட்ட அனுப்பினார். தட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை எழும்பினார். கெட்டிமேளம்...

டிக்.

“ஐயோ!” என்றது வீடு முழுவதும். “ஒரு கம்பித் துண்டைப் போடுங்கோவன் மாஸ்டர்!” என்று நாலு பேர். ஐந்து மணிக்கு முதலே வந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தொண்டைமானாற்று ஆளும் அதில் ஒருவர்.

முடியாது என்றேன். ஈயத் தகடு, பதினொரு பிள்ளைகள், போன கிழமைக் கட்டுரை எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாக்கியம் அக்கா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். “பரவாயில்லை தம்பி. தாலி கட்டினபடியாத்தானே கசெற் அனுப்பினவள்.”

இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது.

“அப்ப கசெற்றைத் தாங்கோ, நான் வெளிக்கிடுறன்” என்றார் தொண்டைமானாற்றுக்காரர்.

அப்போதுதான் பார்த்தேன். கசெற் டெக்குக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. கரண்ட் இல்லாமல் வெளியே வராது!

“கசெற்றை எடுக்க மட்டும்தான்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, இன்வேட்டரை நிறுத்தி, ரிலேயின் இரண்டு முனைகளையும் செப்புக் கம்பியால் சேர்த்தேன். பொறி பறந்தது. இன்வேட்டரைப் போட்டேன். டெக் உயிர்த்தது. கசெற்றை வெளியே தள்ளுகிற பட்டனுக்குப் போன என் விரல் படத்தை ஓட்டுகிற பட்டனை அமுக்கிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

தாலி ஏறியது. பாக்கியம் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்?

“தம்பி... ஒருக்காப் பின்னுக்கு விடன்.”

விட்டேன். மூன்று தரம்.

அடுத்த நாள் காலை துரை அண்ணை வந்து பெட்டியைத் திறந்தார். ரிலே முனையில் இருந்த கறுப்பைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“எத்தினை நிமிஷம் மாஸ்டர்?”

“ஒரு... பத்து.”

“பயப்பிடாதேங்கோ. பற்றறிக்கு ஒண்டும் நடக்கேல்லை. இது இப்ப பதினொண்டரையிலையே வெட்டும். அரை வோல்ட் கூட்டி வைச்சனான். நீங்கள் இழுத்தது அந்த அரை வோல்ட்டுக்குள்ளைதான்.”

“எப்ப?”

“வியாழக்கிழமை. உங்கடை கட்டுரையை வாசிச்சாப் பிறகு. இவ்வளவு சத்தமாச் சொல்லுறவர் கட்டாயம் ஒரு நாளைக்குக் கம்பி போடுவார் எண்டு தெரியும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வீட்டில், என் பற்றறியில், எனக்குத் தெரியாமல் அரை வோல்ட்! அந்த அரை வோல்ட்தான் அக்காவுக்குத் தாலியைக் காட்டியது, பிள்ளைகளின் வெளிச்சத்தையும் காப்பாற்றியது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

“இனி உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அதை நம்பித் திரும்பவும் போடுவியள்” என்று துரை அண்ணை திருப்புளியை எடுத்து, வெட்டுகிற வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற ஆணியைக் கொஞ்சம் திருகினார்.

எந்தப் பக்கம் திருகினார் என்று சொல்லவில்லை. சொன்னால் இங்கே எழுதிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.