கால்படாத இடம்

ஆற்றுவாழையை நான் முதலில் கண்டது கப்பல்துறையில், சின்னம்மா வீட்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்துத் தண்ணீரில். மிதக்கும் செடி, ஊதாப் பூ, மேலிதழில் மயிலிறகின் கண்போல ஒரு மஞ்சள் புள்ளி. மூன்று செடிகளை வேரோடு வாளியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்தபடி சாம்பல்தீவுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வளவிலேயே குடியிருந்த மாமி, வாளியை அப்படியே மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். ஒன்பது நாள் நவநாள் செபம் முடிந்த மறுநாள் அதை என்னிடம் தந்தார்.

"மாதாவுக்கு வைச்ச பூ. கால்படுற இடத்தில கொட்டிப்போடாத பிள்ளை. குளத்தில விடு."

விட்டேன்.

அடுத்த நவநாள் வருமுன் குளம் முழுவதும் ஊதாவாகப் பூத்துவிட்டது. "மாதாவுக்கு எங்கட குளம் நல்லாப் பிடிச்சுப்போச்சு," என்று மாமி சிரித்தார். அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கரையில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியாது, புல்வெளி போலிருக்கும்.

கன்றுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். மாமாவின் ஒரே பசு, இரண்டு நாம்பன்களுக்குப் பிறகு ஈன்ற பெண்கன்று அது. அதை வைத்துத்தான் அவர் பட்டி பெருக்க நினைத்திருந்தார். ஒரு பின்னேரம், நான் பார்த்துக்கொண்டிருக்க, கன்று கரையிலிருந்து பச்சைக்குள் இறங்கி ஐந்தாறு அடி நடந்தது. பிறகு கன்று இல்லை. கழுத்துமணி ஒரு தரம் கேட்டது. இலைகள் பழையபடி கூடிக்கொண்டன.

மாமா குதித்தார். விலக்க விலக்கச் செடிகள் அவரையும் மூடின. கன்றை இழுத்துக் கரையில் போட்டபோது அதன் கண்கள் திறந்தே இருந்தன.

"ஆர் இந்தச் சனியனைக் கொண்டந்து விட்டது?" என்றார் மாமா.

மாமி என்னைப் பார்த்தார். "ஆருக்குத் தெரியும். வெள்ளத்தில வந்திருக்கும்."

மூன்று நாள் ஊரே செடிகளை வாரிக் கரையில் காயவைத்துக் கொளுத்தியது. நானும் வாரினேன். குவியலில் ஒரு செடி மட்டும் பூவோடு கிடந்தது. மாதாவின் காலடியில் இருந்த செடியின் வாரிசு. அதை நெருப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. வாளியில் எடுத்துக்கொண்டு வயல் வரம்பால் நடந்து அடுத்த குளத்துக்குப் போனேன். அங்கே மாடுகள் வருவதில்லை. கால்படாது.

ஒன்றே ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டேன். முதல்முறை விட்டதும் மூன்றே மூன்றுதான் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.