கியர் அண்ணே

இரத்தோட்டையில் கராம்பு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தேன். அதன் பிறகு என்னோடு மூன்று ஆங்கிலச் சொற்கள் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரியில் இடது காலை 'வீக்' என்றார்கள். தோட்டத்தில் 'அன்ஃபிட்' என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தவன் நான். இனி உக்குவளையில் தங்கை வீட்டு மூலையில் கிடப்பதுதான் என்று முடிவு செய்து மாத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

"டிசேபல் ஆள் வாராரு, சீட்டக் குடுங்க!" என்று கத்தினான் கண்டக்டர். அது மூன்றாவது.

பாதி வழியில் பனிமூட்டத்துக்குள் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் தள்ள இறங்கினார்கள். ஆட்கள் வெண்மையில் கரைந்துபோக, குரல்கள் மட்டும் மிதந்தன. யாரோ கண்ட கனவில் என்னை மறந்து விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"அண்ணே, சும்மா உக்காந்திருக்காம இங்க வாங்க," என்றார் டிரைவர். "இந்தக் கியர் கம்பு நழுவும். எப்பவும் கண்டக்டர்தான் புடிப்பான். அவன் பின்னால தள்ளுறான்."

"நான் அன்ஃபிட்டுங்க."

"பஸ்ஸும்தான். கம்பப் புடிங்க!"

இரண்டு கையாலும் பிடித்தேன். பஸ் மெல்ல உருண்டு, குலுங்கி, உயிர் பெற்றது. அதன் நடுக்கம் என் தோள்வரை ஏறியது. மாத்தளை வரை நான் கம்பை விடவேயில்லை.

"கியர் அண்ணே, பாத்து எறங்குங்க," என்று கண்டக்டர் கைகொடுத்தான்.

உக்குவளை பஸ் காத்திருந்தது. நான் ஏறவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை உண்டா என்று சந்தையில் கடை கடையாகக் கேட்கப் போனேன்.

கால் இன்னும் அப்படியேதான். யாராவது 'டிசேபல்' என்றால் ஆமாம் என்கிறேன். அப்போதெல்லாம் உள்ளங்கைக்குள் அந்தக் கம்பு நடுங்குகிறது.