கேப்டன் ஜெபகுமாரின் அலை

முசரவாக்கத்து ஜெபகுமாரை எங்கள் ரிசார்ட்டில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அங்கே சமையல்காரி. டீயில் சர்க்கரை குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளுக்குக் கேப்டன் பட்டம் ஒன்றுதான் குறைச்சல் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவனுக்கு அது விளையாட்டில்லை. அவன் அப்பா இந்த ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். தலை நரைத்த பிறகும் நிலக்காரர் வீட்டுப் பொடிசுகள் அவரை வாடா போடா என்றுதான் பேசுமாம். அதே வீட்டுப் பிள்ளைகள் இன்று படகேற வந்தால், "கேப்டன், ஒரு ரவுண்டு போலாமா?" என்கிறார்கள். அப்போது இவன் தொப்பியைச் சரிசெய்கிற அழகு இருக்கிறதே! சிரிப்பும் வரும், மனசும் நிறையும்.

காஞ்சிபுரம் பக்கம், தென்னேரியைத் தாண்டி ஒரு சின்ன ஏரிக்கரையில் இருக்கிறது ரிசார்ட். முதலாளி எங்கிருந்தோ ஒரு ஸ்கீ படகை வாங்கி வந்தார். கயிற்றைப் பிடித்துப் பலகைமேல் நிற்கும் ஆளை இழுத்துக்கொண்டு ஓடுகிற படகு. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஜெபகுமார் ஒரே மழைக்காலத்தில் அதை வசப்படுத்திவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். முதலாளி போனில் ஏதோ வீடியோ பார்த்தார். படகின் பின்னால் எழும்புகிற அலையிலேயே, கயிற்றை விட்டுவிட்டு, பலகையில் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு அலை பெரிதாக வேண்டும். இதுவோ லேசான படகு, அலை எழுப்பாமல் ஓடுவதற்கென்றே செய்தது. ஜெபகுமார் மணல் மூட்டைகளைப் பின்பக்கமும் இடதுபக்கமும் அடுக்கிப் பார்த்தான். படகு இடதுபக்கம் சாய்ந்து ஓடியது. சாய்ந்ததால் அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு அலை எழுந்தது. அன்றைக்கு முதலாளி அவனைக் கட்டிப்பிடித்துப் படமெல்லாம் எடுத்துக்கொண்டார்.

அது ஏரி நிறைந்திருந்த காலம். மழை முடிந்து நடுகிற நவரை நெல்லுக்கு ஏரி மதகைத் திறந்தார்கள், தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பாரம் ஏற்றினால்தான் அலை வரும். பாரம் ஏற்றினால் படகு ஆழமாக அமுங்கும். அமுங்க ஏரியில் தண்ணீர் இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் முதலாளி காதில் ஏறவில்லை.

"சார், தண்ணி கீழ போய்க்கினே இருக்குது. இன்னும் மூட்ட போட்டா தர தட்டிடும் சார்."

"வீடியோல வருது, நமக்கு மட்டும் வராதா? ஞாயித்துக்கிழமை கெஸ்ட் வராங்க கேப்டன். அலை வரலன்னா படகை வித்துடப் போறேன்."

ஜெபகுமார் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தான். "மதக மூடச் சொல்ல நான் யாருக்கா? எங்க ஜனமே அந்தத் தண்ணியிலதான் நட்டுக்கினு இருக்குது. படகு போச்சுன்னா என்னை எவன் கேப்டன்னு கூப்புடுவான்?"

டீயில் சர்க்கரையைக் கூடவே போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை தூக்கப் பிள்ளையார்பாளையத்திலிருந்து முனுசாமி அண்ணன் வந்தார். காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் வருஷா வருஷம் தெப்பத்துக்கு அடியில் டிரம் கட்டுகிறவர். சாமி வருகிற தெப்பம் ஒரு விரற்கடைகூடச் சாயக்கூடாது. சாய்ந்தால் ஊரே கட்டியவரைத்தான் பிடித்து உலுக்கும். ஜெபகுமார் மூட்டைகளை அடுக்கிவிட்டு யூனிபார்ம் மாற்றப் போனான். இடதுபக்கம் சாய்ந்து கிடந்த படகைப் பார்த்து அண்ணனுக்குப் பதறிவிட்டது. யாரும் கேட்காமலே பாதி மூட்டையை வலதுபக்கம் இருக்கைக்கு அடியில் மாற்றி, படகை மட்டமாக்கி வைத்தார்.

விருந்தாளிகள் ஏறி வலதுபக்கம் உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்திருப்பது அவர்கள் எடையால்தான் என்று ஜெபகுமார் நினைத்துக்கொண்டான். ஓட்டினான். அலையா அது? வாத்து நீந்தினால்கூட அதைவிடப் பெரிதாக எழும்பும். கரையிலிருந்து முதலாளி, "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து!" என்று கத்தினார். கரைக்குத் திரும்பி, மிச்சமிருந்த மூட்டைகளையும் இடதுபக்கமே ஏற்றினான். நடு ஏரிக்குப் போய் வேகமெடுத்ததும் பின்பக்கம் அமுங்கியது. அடியில் சுழலும் விசிறி சேற்றில் சிக்கி வளைய, படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. விருந்தாளிகள் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் நடந்து கரையேறினார்கள்.

படகைக் கயிறு போட்டு இழுத்து வந்து, மூட்டைகளை இறக்கும்போதுதான் வலதுபக்கத்தில் கிடந்தவற்றை ஜெபகுமார் பார்த்தான்.

"நாந்தாம்பா மாத்தி வச்சேன்," என்றார் முனுசாமி அண்ணன், பெருமையாக. "எப்டி சாஞ்சிக்கினு இருந்துச்சி தெரியுமா? நான் மட்டும் பாக்கலன்னா எல்லாரும் கவுந்திருப்பீங்கப்பா."

ஜெபகுமார் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தான். மாற்றாமல் இருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரில் அலை வந்திருக்குமா? அவனுக்கே தெரியாது. முதலாளியைத் திட்ட முடியாது. நடவு நடுகிற தன் ஜனத்தைத் திட்ட முடியாது. நல்லது செய்ததாக நினைத்துச் சிரிக்கிற இந்த மனிதரை எப்படித் திட்டுவது?

"ஆமாணா," என்றான். "நல்லவேள, நீ இருந்த."

அந்த வாரமே படகை ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. படகுக்கு முன்னும் பின்னும் கயிறு கட்டி, கீறல் விழாமல் சாக்கு வைத்து ஏற்றிக் கொடுத்தவன் ஜெபகுமார்தான். லாரி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"ஜெபகுமாரு, கேட்டத் தொற."

அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், கேட்டைத் திறந்துவிட்டான்.