காத்தக்காவின் சட்டைப்பை

எந்த ஜீப் வந்தாலும், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி அக்கா முதலில் ஸ்டெப்னியிடம்தான் போவார். வண்டியின் பின்கதவில் கித்தான் உறைக்குள் தொங்கும் ஐந்தாவது சக்கரம். உறையின் கயிற்றை அவிழ்த்து, வால்வின் தலையில் மூடிபோல் திருகியிருக்கும் குட்டி சென்சாரைக் கழற்றி, அளக்கும் கேஜை வைத்து அழுத்திக் காற்றைப் பார்ப்பார். "நாலும் தெனம் ரோட்டைப் பாக்குது. இது ஒண்ணுதான் கேப்பாரில்லாத புள்ள. இதைத்தான் மொதல்ல விசாரிக்கணும்" என்பார். மற்ற நான்கும் அதற்குப் பிறகுதான்.

மணலிலும் பாறையிலும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவர் காத்தக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, அவருடைய டயர் கொட்டகையின் மறுகோடி வரை கேட்கும் சிரிப்பு. உடுத்தியிருப்பதன் மேலே எப்போதும் ஒரு நீலச் சட்டை. அதன் இடது பையில் இல்லாத சாமான் இல்லை. வால்வு மூடிகள், இரண்டு மூன்று பேட்டரி, உடைந்த பென்சில், யாரோ ஒருவருடைய வண்டிச் சாவி, பாதி தின்ற கடலை மிட்டாய். நடந்து வந்தால் கலகலவென்று சத்தம் முன்னால் வரும்.

கொட்டகையின் அந்தக் கோடியில், தகரத் தடுப்புக்குப் பின்னால், தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் அவருடைய கணவர். ஜீப்புகளுக்குக் கூரைத்துணியும் ஸ்டெப்னிக்கு உறையும் தைப்பவர். வாரத்துக்கு ஒரு தடவையாவது, "அந்தப் பையை ஒருநாள் தைச்சு மூடப்போறேன் பாரு" என்பார். "மூடுங்க. அப்புறம் உங்க ஊசியை எங்க தேடுவீங்களாம்?" என்று பதில் வரும். ஊசியும் அதற்குள்தான் இருக்கும்.

வேலை என்னவோ கேட்கச் சின்னது. சாலையில் முப்பத்தைந்து பவுண்டு இருக்கிற காற்றை மணலில் இறங்கும்போது பதினெட்டுக்குக் குறைத்தால்தான் சக்கரம் புதையாது. ஆனால் சென்சார்கள் சொல்வதைக் கேட்டுக் கத்துகிற, வண்டிக்குள் இருக்கும் டயர் எச்சரிக்கைப் பெட்டிக்கு அது தெரியாதே! இருபத்தெட்டுக்குக் கீழே போனால் ஊரைக் கூட்டும். அந்த இருபத்தெட்டை எங்கே கொண்டுவந்து வைப்பது என்பதுதான் அக்காவின் கணக்கு. கல்யாணத் தரகர்கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார். எந்த வழி, எத்தனை பேர், எவ்வளவு சுமை? "பின்னாடி யாரு உக்காருவாங்க? மாமியாரா? அப்ப ரெண்டு கூட்டியே வைப்போம்." பிறகு, கொண்டையிலிருந்து உருவிப் பல்லில் கடித்திருக்கும் ஊசியால் பெட்டியின் கடுகளவு பொத்தானை அழுத்துவார். மதியத்துக்குள் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் அவரிடம் நடக்காது. முதல் தடவை என் ஜீப்போடு போனபோது, "சத்தம் தாங்கல, ஒரேயடியா நிறுத்திடுங்க" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "வீட்ல நாய் கொரைச்சா வாயைத் தைச்சிருவீங்களா? எதுக்குக் கொரைக்கணும், எதுக்குச் சும்மா இருக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நான் அவருடைய பரம ரசிகன்.

போன வாரம் ஒரு காலையில் எனக்கு முன்னால் நர்ஸம்மாவின் ஜீப் நின்றது. ஆற்று மணலைத் தாண்டி மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிற வண்டி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பயணம். மேலே முப்பத்தொரு பிள்ளைகள் காத்திருந்தார்கள். வண்டிக்குள் ஊசிமருந்துப் பெட்டி, அதற்குள் பனிக்கட்டி. கூடவே வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, கையில் ஒரு ஃபைலோடு. "பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சா வண்டி கிளம்பாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அக்கா வழக்கம்போல் ஸ்டெப்னியில் ஆரம்பித்தார். நடுவில் நான், "அக்கா, என் வண்டி எப்போ?" என்று கேட்டு, "இப்பத்தானே வந்தீங்க? வந்த கால்லயே ஓடணுமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். உறையை இழுத்துக் கட்டினார், நான்கு சக்கரத்தையும் பார்த்தார், பதினைந்தில் எச்சரிக்கையை வைத்தார். சிவப்பு எரிந்தது. கீச்சென்று கத்தல் வேறு.

அது பழைய பெட்டி. எந்தச் சக்கரம் என்று சொல்லத் தெரியாது. ஏதாவது ஒரு சென்சார் காற்று இல்லை என்றால் கத்தும். சென்சார் தூரத்தில் இருந்து அதன் பேச்சு எட்டாவிட்டால் பேசாமல் இருக்கும். அக்கா மூன்று முறை திரும்ப வைத்தார், நான்கு டயரையும் மூன்று முறை அளந்தார். எல்லாம் சரி. "ஸ்டெப்னி?" என்றார் ஜீப்பின் டிரைவர். "அதைத்தானே மொதல்ல பாத்தேன்!" என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

நர்ஸம்மா ஊசிமருந்துப் பெட்டியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "ஐஸ் பாதி தண்ணியாயிருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல கிளம்பலைன்னா திரும்பிப் போயிட வேண்டியதுதான்."

"பெட்டியோட ஒயரைப் பிடுங்கி விட்ருங்கக்கா" என்று டிரைவர் கெஞ்சினார். அதிகாரி தொண்டையைச் செருமி, "நான் வேணா கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். அந்த மனிதரை அந்த நிமிடம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்காவின் முகத்தில் சிரிப்பைக் காணோம். "ஆத்து மணல் நடுவுல ஒரு டயர் நெஜமாவே எறங்குனா இவங்களுக்கு யாரு சொல்றது? இந்தக் கையால அது நடக்காது சார்." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தடுப்புக்குப் பின்னால் போனார்.

கத்தல் நின்றது.

"அணைஞ்சிருச்சு! அக்கா, அணைஞ்சிருச்சு!" என்று டிரைவர் குதித்தார். அக்கா ஓடிவந்தார். கீச். நர்ஸம்மா மெதுவாக, "உங்களைப் பாத்தாத்தான் அழுவுது போல" என்றார்.

அக்கா தடுப்புக்குப் பின்னால் போனார். அமைதி. ஒரு காலை மட்டும் வெளியே வைத்து எட்டிப் பார்த்தார். அமைதி. ஜீப்பை நோக்கி நான்கடி நடந்தார். கீச்! கண்கள் விரிந்தன. கை மெதுவாக இடது பைக்குள் போய், துழாவி, கடலை மிட்டாய்ப் பிசுக்கோடு ஒரு சென்சாரை வெளியே எடுத்தது. ஸ்டெப்னியிலிருந்து கழற்றியது. நான் குறுக்கே பேசியபோது பைக்குள் போட்டுவிட்டு, வெறும் வால்வுக்கு மேல் உறையைக் கட்டிவிட்டிருக்கிறார். பைக்குள் ஏது காற்று? பாவம், அது உள்ளதைத்தான் சொல்லிக் கத்தியிருக்கிறது.

மூடி மறைத்திருக்கலாம். அக்கா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "தப்பு என்மேலதான் சார்! டயர்ல இருக்கவேண்டியதைச் சட்டையில வச்சுக்கிட்டு டயரை அளந்துட்டிருக்கேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. சென்சாரைத் துடைத்து ஸ்டெப்னியில் திருக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி சாதுவாகிவிட்டது. கையெழுத்து விழுந்தது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பியபோது நான் கைதட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

அக்கா என் வண்டிக்கு வரவில்லை. நேரே கணவரிடம் போனார். நீலச் சட்டையைக் கழற்றி, பையை மெஷின்மேல் கவிழ்த்தார். மூடிகள், பேட்டரிகள், சாவி, மிட்டாய், கடைசியாகக் கணவருடைய தையல் ஊசி. கணவரின் மீசைக்குக் கீழே சிரிப்பு ஒளிந்திருந்தது. அக்கா பையின் வாயை மெஷின் ஊசிக்கு நேராக இழுத்து வைத்து, மெஷினின் கைச்சக்கரத்தைத் தன் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, பையை மூடும் முதல் தையலைப் போட்டார்.