கொய்யா மரத்தில் தொங்கிய ஸ்கேன்

வில்லியனூரில் வீட்டில் இருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவள் நான். கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். கணினித் திரை, பிரிண்டர், ஸ்கேனர் சமாச்சாரங்களுக்கான சொற்பட்டியல்தான். படத்தின் தெளிவைச் சொல்ல ஆங்கிலக்காரர்கள் ரெசல்யூஷன் என்ற ஒரே சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கறாரானவர்கள். படத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பதற்கு 'தெஃபினிசியோன்', ஓர் அங்குலத்துக்குள் எத்தனை என்பதற்கு 'ரெசொலுசியோன்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இதற்காக எனக்கு வேலை தரும் ஏஜென்சிக்காரர்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி ஜெயித்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாதம்தான் பாகூரில் இருக்கும் என் அக்காவுக்குத் தலையில் கட்டி என்று தெரியவந்தது.

கட்டி மோசமான இடத்தில் இருக்கிறது, கத்தி வைக்கத் தயக்கமாக இருக்கிறது, வேறு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்றார் இங்கே பார்த்த டாக்டர். கேட்பதற்கு எங்களுக்கு ஒருத்தி இருந்தாள், பிரான்சில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் சித்தப்பா மகள். அங்கிருந்த மூளை அறுவை நிபுணரிடம் அழுது மன்றாடி, படத்தைப் பார்க்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஸ்கேன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் சித்தப்பா மகளுக்குத் தட்டிவிட்டார். அக்காவின் மூளைக்குக் குறுக்கே ஜன்னல் கம்பியும் விழுந்திருந்தது.

சுதந்திர தினத்தன்று காலையில் பிரான்ஸ் டாக்டரின் பதிலை அவள் எனக்கு அனுப்பினாள். 'இந்தப் படத்தின் ரெசொலுசியோன் போதாது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூலக் கோப்புகளை இன்று இரவுக்குள் அனுப்பினால் நாளை பார்க்கிறேன். அதன்பிறகு ஒரு மாதம் விடுமுறையில் இருப்பேன்.'

ஒன்றும் சொல்ல முடியாது என்றுதானே எழுதியிருக்கிறார், ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதவில்லையே. அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாகூருக்கு பஸ் ஏறினேன்.

"பெருசாக்கி அனுப்பும்மா. இந்த போன்லயே பெருசாவுதே," என்றார் மாமா.

"இல்லாத புள்ளிய எங்கேர்ந்து மாமா கொண்டார்றது? பெருசாக்குனா மங்கல்தான் பெருசாவும். பிலிமோட ஒரு சிடி குடுத்திருப்பாங்களே, அது எங்க?"

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். கிளிகளை விரட்டக் கொய்யா மரத்தில் ஏழெட்டு பழைய சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவற்றுக்கு நடுவில் அக்காவின் தலையும் வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பிலிம்தான் ஸ்கேனுன்னு நெனச்சேம்மா. இது சும்மா கூடக் குடுக்குறாங்கன்னு..."

வாயில் வந்தபடி திட்டினேன். வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "அவர ஏண்டி வையிற? அவருக்கு இன்னா தெரியும்?" என்று அக்கா உள்ளிருந்து சொன்னாள். மாமா மரத்தில் ஏறி, நூலை அறுத்துக் கொடுத்தார். மற்ற சிடிகளோடு உரசி உரசி அதன் முதுகெல்லாம் கீறல்.

ஸ்கேன் சென்டரில் வேறு பிரதி கேட்கலாம் என்று போன் செய்தேன். காவலாளி எடுத்தார். "இன்னிக்கு லீவும்மா. நாளைக்கும் லீவு." சுதந்திர தினத்துக்கு மறுநாளும், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சட்டப்படி கைமாறிய நாள் என்று, எங்கள் புதுச்சேரிக்கு மட்டும் ஒரு விடுமுறை உண்டு. சின்ன வயதில் அதற்காகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சிடி போடும் டிரைவ் இப்போது யாரிடம் இருக்கிறது? மூலக்குளத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஆடி முடியாததால் கல்யாணம் இல்லை, ஸ்டுடியோக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். சிடியைத் துணியால் துடைத்துப் போட்டார். டிரைவ் கரகரவென்று சுற்றி வெளியே தள்ளிவிட்டது. பற்பசை தடவித் தேய்த்துக் கழுவிப் போட்டார். மறுபடியும் தள்ளியது. "முடியாது போலிருக்கே மேடம்," என்றார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கெஞ்சினேன். சாமி இல்லை என்று ஊரெல்லாம் வாதாடுகிறவள், அன்றைக்கு ஒரு சாமியையும் விட்டுவைக்கவில்லை.

நான்காவது தடவை திறந்தது. அக்காவின் தலை நுங்குபோலச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலும் திரையில் வந்தது. ஒரு புள்ளி குறையவில்லை. அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டையும் பிரெஞ்சில் எழுதிச் சேர்த்து அனுப்பினேன். ஸ்டுடியோக்காரர் வாங்கிவந்து வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மதியம் பாகூரில் அக்காவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. முதல் வரி, 'படங்கள் மிகத் தெளிவாக உள்ளன, நன்றி.' அதன் கீழே நாலு வரிகள். அகராதி தேவைப்படாத, எளிமையான பிரெஞ்சு. இதைத் தொடுவது சாத்தியமில்லை. எந்த ஊரிலும், யாராலும். மிச்சமிருக்கும் காலத்தை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மங்கலான ஜன்னல் படத்தோடு விட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது.

"இன்னாடி எழுதியிருக்காரு?"

ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் மல்லுக்கட்டியவள் நான். இந்த நாலு வரியை அவளுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வரியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"படம் ரொம்பத் தெளிவா இருக்காம்க்கா."

அக்கா கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்த சிடியைக் கேட்டு வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"பீரோல வையி. மாமா மறுபடியும் மரத்துல கட்டிடப் போறாரு. ஆப்ரேசனுக்குக் கேப்பாங்க."

வாங்கி வைத்துப் பூட்டினேன்.