கூட்டத்தில் தனிமை தேடிய சிலை அக்கா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தது காணொளிக் கலை. ஊரில் இதைச் சொன்னதும் கல்யாண வீடியோ எடுக்கிற படிப்பு என்று எல்லோரும் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பெரியப்பா மட்டும் அதற்கு எதற்கு இத்தனை வருடம் என்று கேட்டார். எனக்கும் அப்போது அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முதல் வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பழைய டிவியைப் போட்டார்கள். வெறும் புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்தது. ஆசிரியைக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான் எழுந்துபோய்ப் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினேன். அதுதான் படைப்பாம். அவர் கோபப்படவில்லை. ‘பார்வையாளர் பங்கேற்பு’ என்று பலகையில் எழுதி என்னை உதாரணம் காட்டினார். தப்பாக ஒன்று செய்தவனைப் பாராட்டுகிற இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

சிலை அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவரின் பழக்கம் கிடைத்ததும் அந்த வகுப்பில்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர். காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து ராத்திரி இறக்கும்வரை நிற்க வேண்டிய வேலை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மையைப் பார்த்துக்கொண்டே, அதே மாதிரி ஒரு கையைச் சற்று முன்னால் நீட்டி, கழுத்தை லேசாகச் சாய்த்து நின்று பார்ப்பாராம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் அக்காவின் தோளிலிருந்த துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, இது சாயம் போகுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறார். அக்கா கண் சிமிட்டவில்லை. நமக்குள்ளே ஏதோ ஒரு வித்தை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாராம். அந்த வித்தைக்கு நிகழ்த்துகலை என்று பெயர் இருப்பதும், அதைச் சொல்லித்தர ஒரு கல்லூரி இருப்பதும் தெரியவர இன்னும் சில வருடம் ஆனது.

நாங்களெல்லாம் கிட்டே போனால் மணியடிக்கிற கருவி, குரலுக்கு நிறம் மாறுகிற திரை என்று ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அக்கா சும்மா நிற்பார். அதையே காணொளியாகத் தருவார். கடைசி வருடத் தேர்வுக்கும் கல்லூரியின் வெள்ளை அறையில் அரை மணி நேரம் அசையாமல் நின்று காட்டினார். காலி அறையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லித் தேர்வுக் குழு அவரைத் தேறவிடவில்லை. மறுபடி வந்தால் அதே அரை மணி நேரம் பொது இடத்தில் நிற்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது, காணொளியில் ஓர் இடத்திலும் வெட்டு இருக்கக் கூடாது.

வீட்டில் அக்காவின் தம்பி வாயில்லாப் பூச்சி. அவருடைய மனைவிக்குத்தான் வாய். இந்தத் தடவையும் தேறாவிட்டால் பேசாமல் கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடை மேனேஜரும் அக்காவின் இடத்தை அப்படியே வைத்திருந்தார். “நின்னா கடையில நில்லுங்க அண்ணி, அங்க நாலு துணியாவது விக்கும்” என்று தம்பி மனைவி சொன்னதை அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

படைப்புக்கு ‘கூட்டத்தில் தனிமை’ என்று பெயர் வைத்தோம். கேமரா என் பொறுப்பு.

முதலில் பேருந்து நிலையம். அக்கா நடுவில் போய் நின்றார், நான் எதிர்ப்பக்கம் ஸ்டாண்டைப் போட்டேன். தனிமை ரெண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒரு பெரியவர் எந்த பஸ் என்று கேட்டார். பதில் இல்லை. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார், இன்னொருவர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த முகம் என்றார். கண்டக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஓர் அம்மாவை அனுப்பினார். கடைசியில் எல்லோருமாக அக்காவைப் பலகையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுபோய் நிழலில் சாய்த்துவைத்தார்கள். அப்போதும் அக்கா வளையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் படம் பிடித்துக்கொண்டே பின்னால் ஓட, யாரோ என் பிடரியில் ஒன்று வைத்தார். “ஒரு பொம்பளப் புள்ள மயங்கிக் கெடக்குது, நீ படமா எடுக்கிற?” அந்தக் கேள்விக்கு மூன்று வருடப் படிப்பில் பதில் இல்லை.

அடுத்தது பூங்கா. இந்தத் தடவை முன்யோசனையாக, ‘இது நிகழ்த்துகலை, தயவுசெய்து தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்தோம். அதைப் படிக்கக் கூட்டம் கூடியது. படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு விளக்கினார்கள். தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை ரெண்டு முறை படித்துவிட்டு, என்ன கோரிக்கை என்று என்னிடம் கேட்டார். கோரிக்கை எதுவும் இல்லை என்றேன். “பயப்படாம சொல்லு தம்பி, எதுவானாலும் சரி” என்று சொல்லி அக்காவுக்குப் பக்கத்தில் அவரும் விறைப்பாக நின்றுகொண்டார். நின்றதோடு விட்டாரா, வேலை நேரத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசினார். நல்ல பேச்சு. கைதட்டல் கேட்டுப் போலீஸ்காரர் வந்து, அனுமதி இருக்கிறதா என்று விசாரித்தபோது அரை மணிக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது.

அனுமதி இல்லாததால் கேமராவை அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. திரும்பி வரும் வழியில், மேனேஜருக்கு ஒரு போன் போட்டு வைக்கட்டுமா என்று மட்டும் அக்கா கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் முழுக்க ஊரைச் சுற்றி வந்து காய்கறிச் சந்தையைப் பிடித்தேன். அங்கே எல்லோருக்கும் அவரவர் அவசரம், நிற்கிறவரைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பது என் கணக்கு. ஒரு தையல்கடை மாடியில் கேமராவை வைத்தேன். பிடரிக்கும் அது பாதுகாப்பு.

அக்கா தூணோரமாக அந்தப் பொம்மை நிலையில், ஒரு கையை முன்னால் நீட்டி நின்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது, யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கனமான பையை அக்காவின் காலில் சாய்த்துவைத்துவிட்டுப் பேரம் பேசப் போனார். இன்னொருவர் நீட்டியிருந்த விரல்களில் குடையை மாட்டிவிட்டுப் பணத்தை எடுத்தார். எடுத்து முடித்ததும் குடையை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொன்னார். மாடியில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேமரா ஆடிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். கூட வந்த பெரிய பையன் கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட, அந்தப் பெண் சுற்றும்முற்றும் பார்த்தார். ஓடாமல் ஆடாமல் நின்ற ஒரே ஆள் அக்கா. “அக்கா, இவளக் கொஞ்சம் பிடிங்க, இதோ வந்துட்டேன்” என்று நீட்டிய கையில் பிள்ளையை வைத்துவிட்டு ஓடியே போய்விட்டார். பிள்ளை நழுவியது. அக்காவின் கை மடங்கியது. மடங்கி, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு அக்கா துளிகூட அசையவில்லை. பிள்ளை அக்காவின் காதைப் பிடித்து இழுத்தது, மூக்கைத் தோண்டியது, கடைசியில் தோளில் எச்சில் விட்டுத் தூங்கிப்போனது. தாய் வரவில்லை. அரை மணி முடிந்ததும் நான் விதிப்படி கேமராவை நிறுத்தினேன்.

தேர்வன்று அதை அப்படியே போட்டுக் காட்டினோம். துறைத் தலைவர் கை மடங்கிய இடத்தைத் திரும்ப ஓட்டச் சொல்லி, அங்கேயே நிறுத்தச் சொன்னார். அசைந்தாயா என்று கேட்டார். காற்றில் கை ஆடியது என்று அக்கா ஏதாவது சொல்லி மழுப்புவார் என்று பார்த்தேன்.

“அசைஞ்சேன் சார். பிள்ள விழுந்துடும்ல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ குறித்தார். அதுவும் போகட்டும், படைப்புக்குத் தனிமை என்று பெயர் வைத்திருக்கிறாயே, இதில் தனிமை எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேட்டார்.

“தேடினேன் சார். மூணு இடத்துலயும் கிடைக்கல.”

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், காலையிலிருந்து யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காத அம்மா, அப்போதுதான் வாயைத் திறந்தார். “அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு வந்தாளா இல்லையா?”

வந்தார் என்று அக்கா சொன்னார். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள், பையனின் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாராம். கேமரா நின்றது தெரியாமல் அக்கா அப்போதும் சிலையாகவே நின்றிருக்கிறார். ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள், தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டுவிட்டு, வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். குழு மொத்தமும் மூச்சு விட்டது. உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா, “அதுக்குள்ள ஏம்ப்பா நிறுத்தின?” என்று கேட்டார். அரை மணி உங்கள் விதிதான் மேடம் என்றேன். துறைத் தலைவர் இருமினார். அசைந்ததற்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று அவரும், பிள்ளையைக் கீழே போடாததற்குக் கூட்ட வேண்டும் என்று அந்த அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். அக்கா தேறிவிட்டார்.

மாணவர் கண்காட்சிக்கு அக்காவின் தம்பியும் மனைவியும் வந்தார்கள். தம்பி சுற்றிப் பார்க்கப் போனார். தம்பி மனைவி அந்தத் திரைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றவர், முடியும்வரை நகரவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிய தாயைச் சத்தமாகவே திட்டினார். பின்னால் இருந்தவர்கள் இதுவும் படைப்பில் சேர்ந்ததோ என்று ஒதுங்கி நின்று பார்த்தார்கள். படம் முடிந்ததும் அக்காவை நோக்கி விறுவிறுவென்று வந்தார். நான் ரெண்டடி பின்வாங்கினேன்.

“இப்படியா அண்ணி பிள்ளையப் பிடிப்பாங்க? தல தொங்குது பாருங்க. அடுத்த தடவை யாராவது குடுத்தா கழுத்துக்குக் கீழ கை குடுத்துப் பிடிங்க” என்று சொல்லி, தன் கைப்பையையே பிள்ளையாக வைத்துப் பிடித்துக் காட்டினார்.